வெள்ளை வந்தால் சம்மதம்

அம்மா கேட்டது ஒரே ஒரு பூ. வெள்ளையாக இருக்க வேண்டும், அன்று மலர்ந்ததாக இருக்க வேண்டும், இதழில் பூச்சி கடித்த ஓட்டை இருக்கக் கூடாது. மேக்னா மொட்டைமாடியில் செடிக்கு முன்னால் நின்று எதைப் பறிப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நீலப் பீப்பாயைப் பாதியாக அறுத்த தொட்டியில் அவளைவிட உயரமாக வளர்ந்திருந்தது செடி. உள்ளங்கை அகலத்துக்கு, பிழிந்து உதறிய மல்துணியைப்போல மடிப்பு மடிப்பாகப் பூக்கள் விரிந்திருந்தன. கீழே கல்கத்தாவின் லேக் கார்டன்ஸ் பகுதி விழித்துக்கொண்டிருந்தது. தெருமுனையில் துர்கா பூஜைப் பந்தலின் மூங்கில்களை இன்னும் பிரிக்கவில்லை. காளி பூஜைக்கும் ஆகுமே என்று அப்படியே விட்டிருந்தார்கள்.

நன்றாக இருந்த ஒன்றைக் கிள்ளிக்கொண்டாள். அந்தப் பூவை வைத்துத்தான் அவளுடைய கல்யாணத்தைப் பற்றி அன்று அம்மனிடம் கேட்கப் போகிறார்கள்.

கோபிச்செட்டிபாளையம் பக்கத்தில், ஒரு பெரிய காரியத்தில் மனசு ஒரு பக்கமாக நிற்காவிட்டால் பூக் கேட்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாதபடி இலையில் கட்டி சாமி முன்னால் வைத்து, விஷயம் தெரியாத யாரையாவது ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் வேண்டாம். அதற்குமேல் பேச்சே கிடையாது. கோயிலில் அப்போதே எடுத்துவிடுவார்கள். அம்மா வசுமதியின் பிறந்த வீட்டு வழக்கம் வேறு. விடியும்போது வைத்துவிட்டு, பகல் முழுக்க ஆத்தா யோசிக்கட்டும் என்று காத்திருந்து, பொழுது சாயும்போது எடுத்து, அதன் பிறகுதான் விளக்கேற்றுவார்கள். அம்மாவுக்கும் அப்படித்தான் கேட்டார்கள். வெள்ளை வந்தது. துறைமுகத்தில் வேலை பார்த்த இராஜமாணிக்கத்தைக் கட்டிக்கொண்டு கல்கத்தாவுக்கு வந்துவிட்டாள்.

இப்போது கேட்கிற மாப்பிள்ளை ஜெயந்த். பெருந்துறைப் பக்கம் மஞ்சள் மண்டி வைத்திருக்கிற குடும்பம். வீடியோவில் பேசியபோது என்ன படித்தாய் என்று கேட்டான். எம்.எஸ்ஸி. தாவரவியல் என்றாள். "அப்ப வீட்டுக் கொத்துமல்லிக்குக் கவலையில்ல," என்று சிரித்தான். கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

அவள் போக நினைத்தது கலிம்போங்குக்கு. அங்கே ஒரு செடி ஆராய்ச்சிப் பண்ணையில் உதவியாளர் வேலை கிடைத்திருந்தது. காளி பூஜை முடிந்ததும் சேர வேண்டும். "கலிம்போங்குல என்ன இருக்குது? மழையும் மொமோவும்," என்றார் அப்பா. அவள் எத்தனையோ தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். சொன்னது காற்றாடியின் சத்தத்தைப் போல வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது, யார் காதிலும் விழவில்லை. கடைசியில் போன வாரம், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால், "சரி, பூ கேட்டுக்குங்க," என்று அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள். மடியில் ஒரு மொழிபெயர்ப்பு நாவல் விரிந்து கிடந்தது. ஏதோ ஒரு பனிதேசத்தில், பெயர் உச்சரிக்க வராத ஸ்டேஷனில், ஒரு பெண் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். ரயில் வருகிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்ற அவசரத்தில் இவர்கள் வாயை அடைப்பதற்காகச் சொன்ன வார்த்தை அது. சொன்ன மறுநிமிஷம் அப்பா கை கழுவ எழுந்தார். அம்மா காலண்டரைப் பார்த்தாள். ரயில் வந்ததா இல்லையா என்பது இன்றுவரை மேக்னாவுக்குத் தெரியாது. அதன் பிறகு புத்தகத்தைத் திறக்கவில்லை.

பூவைக் கையில் ஏந்திக்கொண்டு படியிறங்கினாள். லிஃப்ட் மொட்டைமாடி வரைக்கும் வராது. முழங்கால் வலியால் அம்மா மேலே வந்ததே இல்லை. செடியை அவள் பார்த்ததில்லை, பூவை மட்டும் பார்த்திருக்கிறாள்.

செடியைக் கொடுத்தது எதிர் ஃபிளாட்டு வங்காளிச் சித்தி, சுதபா காக்கிமா. கொடுத்தபோது அது செடியே இல்லை, ஒரு குச்சி. நல்ல குளிர்காலத்தில், பூவெல்லாம் ஓய்ந்து இலை கொட்டிய கிளையிலிருந்து வெட்டியது. பச்சைக் குச்சி அழுகிவிடும், பழுப்பேறி முற்றியதாக இருக்க வேண்டும் என்று காக்கிமா சொன்னாள். கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டி, பாதி மணலும் பாதி இலைமக்கும் கலந்து, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நட்டு, நிழலில் வைக்க வேண்டும். மண் ஈரமாக இருந்தால் போதும், தண்ணீர் தேங்கக் கூடாது. முக்கியமாக, வேர் விட்டதா என்று பிடுங்கிப் பார்க்கக் கூடாது. மேக்னா ஒரே ஒரு தடவை பிடுங்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப நட்டாள். அப்படியும் பிழைத்துக்கொண்டது. வெயில் ஏறத் தொடங்கியதும் கணுவில் பச்சையாக ஒரு மூக்கு எட்டிப் பார்த்தது. மழைக்காலத்தில் மாவுப்பூச்சி அப்பியது. சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து ஒவ்வொரு தண்டாகத் துடைத்தாள். அடுத்த குளிரில் எல்லா இலையும் கொட்டி மொட்டையாக நின்றபோது, துணி காயப்போட வந்த அப்பா பார்த்துவிட்டு, "என்ன அம்முணி, வெறகு வளக்கறயா?" என்றார். செத்துவிட்டது என்று அவளும் பயந்தாள். நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தாள், உள்ளே பச்சை இருந்தது. வெயில் காலம் வருவதற்குள் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடு, புதுக் கிளையில்தான் மொட்டு வரும் என்று காக்கிமா சொன்னாள். மனசில்லாமல் வெட்டினாள். அந்த வெட்டுக்குத்தான் இந்தப் பூக்கள்.

ஸ்தல்பத்ம என்று வங்காளிகள் சொல்வார்கள். தண்ணீரில் இல்லாமல் நிலத்தில் பூக்கிற தாமரை. காலையில் பாலைப்போல வெளுத்திருக்கும். வெயில் ஏற ஏற இதழ் நரம்பில் லேசாக ரோஸ் ஓடும். பொழுது சாயும்போது முழுசாகச் சிவந்துவிடும். பறித்து வைத்தாலும் சிவக்கும். குளிர்ச்சியில் வைத்தால்தான் அப்படியே நிற்கும்.

நடுப்படியில் மேக்னா நின்றுவிட்டாள்.

காலையில் கட்டி சாயங்காலம் பிரிக்கிறார்கள். ஒரு பொட்டலத்தில் லேக் மார்க்கெட் செம்பருத்தி. இன்னொன்றில் இந்தப் பூ. பொட்டலம் எடுக்க அழைத்திருக்கிற காக்கிமா எதை எடுத்தாலும் சிவப்பு. எதை எடுத்தாலும் வேண்டாம்.

அவள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

அம்மா குளித்து, ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, பண்ணாரி அம்மன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பூவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். செம்பருத்தியின் காம்பை நறுக்கி, இரண்டும் ஒரே அளவாகும்படி வாழையிலைத் துண்டில் மடித்து, நாரால் கட்டினாள். கட்டிய பிறகு கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் மாற்றி மாற்றி உருட்டினாள். எது எதுவென்று இனி அவளுக்கே தெரியாது.

அப்பா ஆபீசுக்குச் சட்டை போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார். "சாயங்காலம் வரைக்கும் தாங்குமா வசு? வாடிப் போயிருமல்லோ. ஃபிரிட்ஜுல வெச்சிருந்து பொறகு எடுத்துக்கலாம்."

மேக்னாவின் கையிலிருந்த காபி டம்ளர் உதட்டருகில் நின்றது.

"சாமிக்கு வெச்ச பூவ மாவுச்சட்டி பக்கத்துல வெப்பாங்களா? உங்க வேலையப் பாத்துட்டுப் போங்க," என்றாள் அம்மா.

"நல்லதுக்குத்தான் சொன்னேன்."

"உங்க நல்லதையெல்லாம் ஆபீசுல வெச்சுக்குங்க."

அப்பா மகளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனார். அவர் நல்ல மனிதர். மீன்காரரிடம்கூடக் குரலை உயர்த்த மாட்டார். அவரைப் பொறுத்தவரை மகளைக் கட்டாயப்படுத்தவில்லை, பூக் கேட்கிறார், அதுவும் அவள் சம்மதத்தோடு. அம்மா பொட்டலத் தட்டை ஜன்னல் வெயில் விழுகிற இடத்துக்கு நகர்த்தி வைத்தாள்.

பகல் நகரவில்லை. அம்மா விரதம். எச்சில்கூட விழுங்காதவள்போல் படத்துக்கு எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மேக்னா கூடத்துக்கும் பால்கனிக்குமாக நடந்தாள். பால்கனியில் தரையிலிருந்து மேல்வரைக்கும் இரும்பு கிரில். அதற்குப் பின்னால் கொசுவலை. வலைக்குப் பின்னால் எதிர்வீட்டு கிரில். மாற்றல் வந்துவிடும் வந்துவிடும் என்று அவிழ்க்காமலே வைத்த டிரங்குப் பெட்டிகள் கூடத்துச் சுவரோரம் அடுக்கியிருந்தன. மாற்றல் வரவேயில்லை, பெட்டிமேல் துணி விரித்து டி.வி.யை வைத்துவிட்டார்கள். கதவைத் திறந்து வெளியே போய்விடலாம்தான். யாரும் தடுக்கப் போவதில்லை. போய் ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாலும் பொட்டலங்கள் இங்கே வெயிலில் இருக்கும், உள்ளே அது பாட்டுக்குச் சிவந்துகொண்டிருக்கும். அவள் இல்லாத நேரத்தில் அம்மாவுக்கு மனசு மாறி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால்? அதற்காகவே அவள் நகரவில்லை. தானே போட்ட காவலில் தானே அடைபட்டிருந்தாள்.

மத்தியானம் கோபியிலிருந்து மாமா கூப்பிட்டார். அம்மாவின் அண்ணன். சம்பந்தத்தைக் கொண்டுவந்தது அவர்தான்.

"அம்முணி, என்ன சொல்லுது பூ?"

"இன்னும் வாயத் தொறக்கல மாமா."

"உன்ற பக்கத்துலயே இருக்குதல்லோ, அதுக்கும் அழுத்தம் ஒட்டிக்கிச்சாட்ட இருக்குது." அவரே சிரித்துக்கொண்டார். "ராத்திரிக்குள்ள மண்டிக்காரருக்குப் பதில் சொல்லோணும் கண்ணு. செவப்பு வந்தாலும் ஒண்ணுமில்ல. ஆத்தா வேண்டாம்னா யாரு என்ன பேச முடியும்? கும்புட்டுட்டுப் போயிருவாங்க. புள்ள வேண்டாம்னுருச்சுன்னு மட்டும் நான் அவங்க வாசல்ல போயி நிக்க முடியாது. அது எனக்கும் மானக்கேடு, உங்கம்மாளுக்கும் மானக்கேடு."

"புரியுது மாமா."

"சாப்பிட்டயா?"

"சாப்பிட்டேன் மாமா," என்றாள். சாப்பிடவில்லை.

போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது அம்மா படத்துக்கு முன்னால் நெற்றி தரையில் பட விழுந்து கிடந்தாள். முழங்கால் மடங்காது, அதனால் ஒருக்களித்து, ஒரு காலை நீட்டி, கோணலாக. முதுகு லேசாகக் குலுங்கியது. என்ன வேண்டுகிறாள் என்று கேட்கவில்லை. எது வந்தாலும் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளும் பலத்தைத்தான் வேண்டுவாள் என்று மேக்னா நினைத்தாள். அவள் அப்படிப்பட்டவள். விளையாட்டுக்குக்கூடப் பொய் சொல்ல மாட்டாள். வேண்டாத விருந்தாளிக்கு வீட்டில் ஆளில்லை என்று சொல்லச் சொன்னால், "நீயே சொல்லு, என்ற வாயில வராது," என்று சமையலறைக்குள் போய்விடுவாள். அப்படிப்பட்டவளைத் தன் செடி ஏமாற்றப் போகிறது. ஏமாந்து, பண்ணாரித்தாயே சொல்லிவிட்டாள் என்று கும்பிட்டு, காலம் முழுக்க அதை நம்பிக்கொண்டிருப்பாள்.

சொன்னால் மஞ்சள் மண்டி. சொல்லாவிட்டால் இந்த முதுகு.

அப்பா வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்துவிட்டார். முகம் கழுவி வேட்டி கட்டிக்கொண்டார். எதிர் ஃபிளாட்டிலிருந்து சுதபா காக்கிமா கைத்தறிப் புடவையில், ஒரு தட்டில் தேங்காய் உருண்டைகளோடு வந்தாள். லக்ஷ்மி பூஜைக்குச் செய்து தீராதவை. அவளுக்குத் தமிழ் தெரியாது, அவளிடம் எல்லோரும் வங்க மொழியில்தான் பேசுவார்கள். எதற்காகக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

"மதராசிகள் பூஜையில் லாட்டரி எல்லாம் உண்டா?" என்று கேட்டுவிட்டுக் காக்கிமா சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

அம்மா சூடம் ஏற்றினாள். "எடுங்க பௌதி," என்று அண்ணி முறை வைத்துக் கூப்பிட்டு, தட்டை முன்னால் நகர்த்தினாள். காக்கிமாவின் கை இரண்டு பொட்டலங்களுக்கும் மேலே போய்த் தயங்கியது. அம்மா கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"ஒரு நிமிஷம்," என்றாள் மேக்னா.

எல்லோரும் திரும்பினார்கள்.

"அப்பா, இது தப்பு. நான் கொண்டுவந்த பூ காலைலதான் வெள்ளை. சாயங்காலம் தானே செவந்துரும். அந்தச் செடி அப்படி. இப்ப ரெண்டு பொட்டலத்துலயும் செவப்புதான் இருக்கும். எனக்கு... எனக்குக் காலைலயே தெரியும். அம்மாவுக்குத் தெரியாது."

அப்பா குனிந்து நாரை அவிழ்த்தார். ஒன்றில் செம்பருத்தி. இன்னொன்றில், வெற்றிலை போட்ட வாயைப்போல, மடிப்புக்குள் மடிப்பாகச் சிவந்த பூ.

"அடேயப்பா!" என்றார். "ரெண்டு பக்கமும் தலை போட்ட காசாட்டமல்லோ இருக்குது!" பிறகு மகளைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபமே இல்லை, பெருமைதான் இருந்தது. "பாத்தயா வசு? மறைச்சிருந்தா இவளுக்கு லாபம். மறைக்கல. உன்ற புள்ளையல்லோ."

அம்மா கண்ணைத் திறக்கவில்லை. சுதபா காக்கிமாவுக்கு விஷயம் பாதி புரிந்திருக்க வேண்டும். மேக்னாவைப் பார்த்து, "பாகோல் மேயே," என்று முணுமுணுத்து நெற்றியில் தட்டிக்கொண்டாள். பைத்தியக்காரப் பெண்ணே.

"பௌதி, உங்க பால்கனியில நந்தியாவட்டை இருக்கே, ஒண்ணு குடுங்க," என்று அப்பா வங்க மொழியில் கேட்டார். "அது நிறம் மாறாதே?"

"அது மாறாது," என்று சொல்லிக் காக்கிமா மெதுவாக எழுந்து போனாள். எடுத்துக்கொண்டு வர அவளுக்கு அவசரமில்லை என்று நடையிலேயே தெரிந்தது.

அம்மா மேக்னாவின் மணிக்கட்டைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். கதவைச் சாத்தவில்லை, குழாயைத் திறந்துவிட்டாள்.

"உனக்கு வாய அடக்கவே தெரியாதாடி?"

"அம்மா, நீங்க ஏமாறக் கூடாதுன்னுதான்..."

"ஏமாறறதா? யாரு ஏமாந்தா? தெனமும் காலைல நீ பூவ வெச்சுட்டுப் போயர்றே. வெளக்கேத்தறதுக்கு முன்னால அத எடுத்துப் போடறவ யாரு?"

காலையில் படத்துக்கு வைத்த பூ மாலையில் வீடு திரும்பும்போது இருக்காது. எங்கே போகிறது என்று மேக்னா ஒருநாளும் யோசித்ததில்லை.

"தெரிஞ்சுதான் வெச்சீங்களா?"

"பின்னே? மார்க்கெட்டுல நந்தியாவட்டையா கெடைக்கல? நான் பொய் சொல்லல, பொட்டலத்த மாத்தல. வெள்ளைப் பூதான் வெச்சேன். அதுவா செவந்தா அது ஆத்தா செயல். மத்தியானமெல்லாம் விழுந்து கும்புட்டேன், தாயே, நல்லாச் செவக்க வெய்யின்னு." அம்மா குழாயை இன்னும் பெரிதாகத் திறந்தாள். "எல்லாத்தையும் போட்டு ஒடச்சுட்டயே."

"அப்ப நான் போயி வேண்டாம்னு சொல்லிடறேன். இப்பவே."

"இத்தன நாளும் அதத்தான சொன்னே? நடந்துச்சா? நீ சொன்னா அது கொழந்தப் பேச்சு. பூ சொன்னா வாக்கு." அம்மா குழாயை மூடினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இனி என்ன, வர்றது வரட்டும். இந்தத் தடவ நெசமாவே கேக்கறோம்."

கூடத்துக்குத் திரும்பினார்கள். காக்கிமாவின் உள்ளங்கையில் சின்னதாக, சாணித்தாளில் வைத்த பொட்டைப்போல, ஒரு நந்தியாவட்டை இருந்தது. அப்பா செம்பருத்தியில் ஒரு இதழைக் கிள்ளி அதே அளவுக்கு உருட்டிக் கொடுத்தார். அம்மா கட்டினாள். நார் இரண்டு தடவை நழுவியது. கண்ணை மூடி உருட்டித் தட்டில் வைத்தாள். மேக்னா அம்மாவின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஏதாவது செய்வாளா என்று. அம்மா ஒன்றும் செய்யவில்லை. விரல்கள் நேர்மையாக இருந்தன.

காக்கிமா இந்தத் தடவை யோசிக்கவில்லை. கைக்குக் கிட்டே இருந்ததை எடுத்து அம்மாவிடம் நீட்டினாள்.

இலை பிரிந்தது. வெள்ளை.

அப்பா கைகூப்பினார். "தாயே," என்றார். அவர் குரலில் வெற்றி ஒன்றும் இல்லை, ஒரு பாரம் இறங்கிய நிம்மதிதான். "சரி அம்முணி. முடிஞ்சுது. நல்லதே நடக்கும்."

வீட்டுக்குள் காற்றாடிச் சத்தம் மட்டும் கேட்டது. மேக்னா தன் குரலை எங்கோ தூரத்திலிருந்து கேட்டாள்.

"பூ வந்துருச்சுப்பா. நான் வரல."

"என்ன கண்ணு?"

"எனக்கு வேண்டாம்."

"நீதான பூ கேக்கச் சொன்னே?"

"ஆமாப்பா. நான்தான் சொன்னேன்."

"இப்ப முதல் பூ தப்புன்னு சொன்னதும் நீதான?"

"ஆமா."

"அப்பறம்?"

"அப்பறம் ஒண்ணுமில்ல. வேண்டாம்."

அப்பா அவளை அடிக்கவில்லை, திட்டவில்லை. ஒரு சின்னப் பிள்ளை கணக்கைத் தப்பாகப் போட்டதைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "பூவுக்கு மேல பேச்சில்ல அம்முணி. அது உனக்கும்தான், எனக்கும்தான். எனக்குச் செவப்பு வந்திருந்தா நான் வாயத் தொறந்திருப்பனா, சொல்லு?" திறந்திருக்க மாட்டார். அவளுக்குத் தெரியும். அவர் சொல்வதில் எங்கேயும் ஓட்டை இல்லை. எந்தப் பக்கம் போய்ப் பார்த்தாலும் இந்த வீட்டின் பால்கனிபோல அழகாக, ஒழுங்காக, கம்பி கம்பியாக இருந்தது.

போன் அடித்தது. டிரங்குப் பெட்டியின் மேல், டி.வி.க்குப் பக்கத்தில் கிடந்தது. மாமா. அப்பா கையை நீட்டினார். அம்மா முந்திக்கொண்டாள். முழங்கால் வலிக்காரி அவ்வளவு வேகமாக எழுந்து அவர்கள் பார்த்ததில்லை.

"அண்ணா... சொல்லுங்கண்ணா... ஆமாங்கண்ணா, எடுத்தாச்சுங்க."

அம்மா அம்மன் படத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பி, படத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். நந்தியாவட்டை இடது கைக்குள் இருந்தது.

"செவப்புங்கண்ணா," என்றாள்.

அப்பாவின் வாய் திறந்தது. அம்மா பூ இருந்த கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள். போனுக்குள்ளிருந்து மாமாவின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. "அட, சரி விடு வசு. ஆத்தா சொன்னா சொன்னதுதான். நமக்கு நல்லதுக்குத்தான் சொல்லுவா. நீ மனசுல ஒண்ணும் வெச்சுக்காத. மண்டிக்காரருகிட்ட நான் பேசிக்கறேன். புள்ளகிட்டயும் சொல்லு, மாமன் கோவிச்சுக்கலேன்னு."

"சரிங்கண்ணா."

"என்ன, தொண்ட கட்டிக்கிச்சு?"

"வெரதமுங்கண்ணா. தண்ணி குடிக்கல."

போனை வைத்தாள். சுதபா காக்கிமா ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, "என்ன ஆச்சு? நான் தப்பானதை எடுத்துவிட்டேனா?" என்று வங்க மொழியில் கேட்டாள். பிறகு தேங்காய் உருண்டைத் தட்டை அங்கேயே விட்டுவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள்.

"வசு," என்றார் அப்பா. "ஆத்தா முன்னால நின்னுக்கிட்டு..."

"தெரியும்."

"உன்ற வாயால..."

"தெரியுமுங்க. எனக்குத் தெரியாதா?"

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். இனி கோபிக்குப் போன் பேசும்போதெல்லாம், ஒவ்வொரு விசேஷத்திலும், மாமாவின் எதிரே உட்கார்ந்து சாப்பிடும்போதெல்லாம் அவரும் இதைச் சுமந்துகொண்டிருக்க வேண்டும். காக்கிமாவுக்குத் தெரியாது. அவர்கள் மூன்று பேருக்குத் தெரியும். கலிம்போங்குக்கு ஒரு ரயில், அப்புறம் ஒரு ஜீப், அவ்வளவுதான் தூரம். அந்தத் தூரத்தைத் தாண்டிப் போனாலும் இந்தக் கூடம் கூடவே வரும் என்று மேக்னாவுக்குத் தோன்றியது.

அம்மா கையைத் திறந்தாள். பூ கசங்கியிருந்தது. அதன் வெள்ளை மட்டும் அப்படியே இருந்தது.

"இத எங்க வெக்கறது?" என்று கேட்டாள். யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை. படத்துக்கு வைக்க முடியாது. தலையில் வைத்துக்கொள்ள முடியாது. குப்பையில் போடவும் மனசு வராது.

"குடுங்கம்மா, நான் கொண்டுபோய்..."

"வேண்டாம். வாக்க வாங்குனது நானு." கையை மறுபடி மூடிக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. எதிர் ஃபிளாட்டில் சங்கு ஊதினார்கள். "நீ போயி வெளக்கேத்து."

"நீங்கதானம்மா எப்பவும்..."

"இன்னிக்கு நான் அந்தப் பக்கம் வர மாட்டேன். ஏத்து."

மேக்னா படத்துக்கு முன்னால் உட்கார்ந்தாள். எண்ணெய் ஊற்றுவது எவ்வளவு, திரியை எந்தப் பக்கம் பார்க்க வைப்பது, அவளுக்கு ஒன்றும் தெரியாது. முதல் குச்சி அணைந்தது. கூடத்தின் மறுகோடியிலிருந்து அம்மா, "திரிய இன்னும் கொஞ்சம் தூண்டி விடு," என்றாள். "அப்படியில்ல. கெழக்க பாத்து. ம்... இப்பப் பத்த வை."

இரண்டாவது குச்சி பற்றிக்கொண்டது. சுடர் நின்றதும் மேக்னா திரும்பிப் பார்த்தாள். வெளிச்சம் எட்டாத இடத்தில், மூடிய கையை மடியில் வைத்துக்கொண்டு, அம்மா தூரத்திலிருந்தே கும்பிடலாமா கூடாதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.